வென்டிலேட்டரில் இருப்பவரை எப்போது எழுப்பி உட்கார வைக்கிறார்கள்? புதுச்சேரித் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றின் இயன்முறைச் சேவை பற்றிய மதிப்பீடு

புதுச்சேரியில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் என் பெரியம்மா கடுமையான நிமோனியாவோடும் இரத்தத்தில் பரவிய நோய்த்தொற்றோடும் சேர்க்கப்பட்டு, வென்டிலேட்டரில் இருந்து மீண்டு வந்தார். அந்தப் பிரிவின், பிசியோதெரபி எனப்படும் இயன்முறை சிகிச்சையைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். அறை வாடகை, உணவகம், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றைப் பற்றியெல்லாம் பலரும் எழுதுகிறார்கள். ஆனால், தொண்டையில் குழாயோடு படுத்திருப்பவரை எந்த நாளில், எந்த உடல்நிலையில் எழுப்பி உட்கார வைக்கிறார்கள் என்பதை யாரும் மதிப்பிட்டு நான் பார்த்ததில்லை. உயிர் பிழைத்தவர் தன் காலில் நடந்து வீட்டுக்கு வருவாரா, கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பாரா என்பதில் அதற்குப் பங்கு உண்டு என்பதால், அதற்கென்று தனியாக ஒரு மதிப்பீடு தேவை என்று நினைக்கிறேன். நிறையும் குறையும் கலந்து சொல்லப்போவதால் மருத்துவமனையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் மருத்துவர் அல்ல. கடலூரில் மருந்தாளுநராக வேலை செய்வதால் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில், உடம்பு முடியாதவரை அசைக்காமல் படுக்க வைப்பதே பெரிய உபசாரம். பெரியம்மாவின் சொந்த ஊரான நெல்லிக்குப்பத்திலிருந்து பார்க்க வந்த உறவினர்கள் எல்லாரும் இதே எண்ணத்தோடுதான் வந்தார்கள். குழாய் போட்ட மறுநாளே இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்து பெரியம்மாவின் முழங்காலையும் கணுக்காலையும் மடக்கி நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியே பார்த்த பெரியப்பா, "மயக்கத்துல கிடக்கிறவளைப் போட்டு ஏன் இப்படிப் பாடுபடுத்துறாங்க?" என்று கண் கலங்கினார். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால், படுத்தே கிடக்கும் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்த வருத்தம் வேறு பக்கம் திரும்பும். லண்டனில் தீவிர சிகிச்சை நோயாளிகள் 63 பேரை வைத்து நடத்தி 2013-இல் வெளிவந்த ஆய்வில், தொடையின் முன்பக்கத் தசையின் குறுக்களவு பத்தே நாளில் சராசரியாக 17.7 சதவீதம் குறைந்திருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு இந்தத் தேய்வு இன்னும் வேகமாக இருந்தது. நோய்த்தொற்றால் வரும் அழற்சியும், அசைவின்மையும், போதாத புரதச் சத்தும் சேர்ந்து தசையைக் கரைக்கின்றன. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் ஒரு தசைதான் என்பதால், எந்திரமே முழு வேலையையும் செய்யும்போது அதுவும் மெலிகிறது. குழாயை எடுப்பது அதனாலேயே தள்ளிப்போகிறது.

முன்பொரு முறை வேறொரு மருத்துவமனையில் எங்கள் உறவினர் ஒருவர், ஆழ்ந்த மயக்கத்திலேயே நீண்ட நாள் வைக்கப்பட்டு உயிர் பிழைத்தார். வெளியே வந்தபோது குதிகாலில் புண்ணும், மேலே தூக்க முடியாமல் தொங்கும் பாதமும் அவரோடு வந்தன. நுரையீரல் ஆறிய பிறகும் பல மாதங்கள் அவரால் கழிவறைக்குத் துணையின்றிப் போக முடியவில்லை. அந்த அனுபவம் இருந்ததால்தான் இம்முறை நாங்கள் இதைக் கூர்ந்து கவனித்தோம்.

இந்தப் பிரிவில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய காலை நேர ஒழுங்கு. மயக்க மருந்தைத் தினமும் காலையில் குறைத்தோ நிறுத்தியோ நோயாளி கண் திறக்கிறாரா, சொல்வதைக் கேட்டுக் கையை இறுக்குகிறாரா என்று பார்க்கிறார்கள். ஆழ்ந்த மயக்கத்துக்கு கழித்தல் 5, கட்டுக்கடங்காத கொந்தளிப்புக்கு கூட்டல் 4 என்று எண் கொடுக்கும் அளவுகோல் ஒன்றின்படி அன்றைய நிலையைக் கட்டிலருகே எழுதி வைக்கிறார்கள். அதன் பிறகுதான் இயன்முறை மருத்துவரும் பணி மருத்துவரும் செவிலியரும் சேர்ந்து, இன்று இவருக்கு என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கிறார்கள். பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களில் ஒரு தாள் தொங்குகிறது. பன்னாட்டு வல்லுநர்கள் கூடி 2014-இல் வெளியிட்ட பாதுகாப்புப் பரிந்துரையை ஒட்டியது அது. தொண்டையில் குழாய் இருப்பது மட்டுமே தடை ஆகாது; கொடுக்கப்படும் காற்றில் ஆக்சிஜன் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பச்சை, மேலே போனால் மஞ்சள்; இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90-க்குக் கீழே இருந்தால் கட்டிலை விட்டு இறக்குவதற்குச் சிவப்பு. மஞ்சள் என்றால் மூத்த மருத்துவரைக் கேட்ட பிறகே தொடுகிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களுக்குக்கூட ஓரளவு புரியும்படி இது இருந்தது.

பெரியம்மா முதன்முதலாகக் கட்டிலின் விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்தபோது குழாய் தொண்டையிலேயே இருந்தது. நான் பார்வையாளர் நேரத்துக்குச் சற்று முன்னதாகப் போயிருந்ததால் அனுமதி கேட்டு வாசலில் நின்று பார்த்தேன். இயன்முறை மருத்துவர் முன்னால் நின்று இரு தோள்களையும் தாங்கினார். ஒரு செவிலியர் வென்டிலேட்டர் குழாயை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் கழுத்து இரத்தக் குழாயில் போட்டிருந்த ஊசிக்குழாயையும் மருந்து பம்புகளையும் பார்த்துக்கொண்டார். உதவியாளர் முதுகுப் பக்கம் முழங்காலிட்டு அணைத்துக்கொண்டார். சிறுநீர்ப் பையை முன்கூட்டியே காலி செய்து இறக்கும் பக்கமாக மாற்றியிருந்தார்கள். குழாய் வழியாக உணவாகக் கொடுக்கும் பால் நிறுத்தப்பட்டிருந்தது. கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை (Ambu bag) தலைமாட்டில் தயாராக இருந்தது. இத்தனை ஆயத்தமும் முடிந்த பிறகு, "அம்மா, இப்ப உட்காரப் போறோம். பயப்படாதீங்க, நாங்க நாலு பேர் பிடிச்சிருக்கோம்" என்று சொல்லி, அவர் தலையசைக்கும்வரை காத்திருந்தார்கள். உட்கார்ந்த சிறிது நேரத்தில் மூச்சின் வேகம் ஏறி, ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கியதும் உடனே படுக்க வைத்துவிட்டார்கள். அன்று அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. மறுநாள் கூடுதல் நேரம் உட்கார்ந்தார். அடுத்தடுத்து நாற்காலி, நின்ற இடத்திலேயே கால் தூக்கி வைத்தல், வாக்கரோடு நான்கு எட்டு என்று போனது. இந்தப் படிகளைப் படுத்திருப்பதற்கு 0, துணையோ ஊன்றுகோலோ இன்றித் தானே நடப்பதற்கு 10 என்ற வரிசையில் தினமும் குறித்து வைத்திருந்தார்கள். நாங்கள் கேட்டபோது மறைக்காமல் காட்டினார்கள்.

இவ்வளவு சீக்கிரம் தொடங்குவதற்கு அடிப்படை என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 104 நோயாளிகளை வைத்து நடத்தப்பட்டு 2009-இல் வெளிவந்த ஆய்வுதான் பலரும் முதலில் காட்டுவது. அதில் ஒரு பிரிவினருக்குக் குழாய் போட்ட ஒன்றரை நாளிலும், மற்றவர்களுக்கு ஏழு நாளுக்கு மேலும் இயன்முறை சிகிச்சை தொடங்கியது. மருத்துவமனையை விட்டுப் போகும்போது தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் நிலைக்குத் திரும்பியவர்கள் முதல் பிரிவில் 59 சதவீதம், இரண்டாம் பிரிவில் 35 சதவீதம். மனக்குழப்பம் நீடித்த நாள்களும் பாதியாகக் குறைந்தன. கிட்டத்தட்ட 500 முறை நடந்த பயிற்சிகளில் கடுமையான பாதிப்பு என்று பதிவானது ஒன்றே ஒன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 200 பேரை வைத்துப் பின்னர் நடத்தி 2023-இல் வெளிவந்த ஆய்வில், ஓராண்டு கழித்துச் சோதித்தபோது நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் குன்றியிருந்தவர்கள் சீக்கிரம் தொடங்கியவர்களில் 24 சதவீதம், வழக்கமான முறையில் தொடங்கியவர்களில் 43 சதவீதம்.

இதை மட்டும் படித்துவிட்டு ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் ஒருவர், நம் ஆளையும் இன்றே நடக்க வைத்துவிட வேண்டும் என்று அவசரப்படக்கூடும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார்; வெளிநாட்டில் இருக்கும் என் சித்தப்பா மகன். ஒரு நாள் அலைபேசியில் பணி மருத்துவரிடம், "நேற்று உட்கார்ந்தார்களே, இன்று ஏன் எதுவும் செய்யவில்லை?" என்று கடிந்துகொண்டான். அன்று காலை பெரியம்மாவின் இரத்த அழுத்தம் இறங்கி, அழுத்தத்தை உயர்த்தும் மருந்தான நார்அட்ரினலின் அளவைக் கூட்ட வேண்டி வந்திருந்தது. மருத்துவர் பொறுமையாக, "இன்னைக்கு உட்கார வெச்சா இரத்த அழுத்தம் இன்னும் இறங்கும். படுக்கையிலேயே கை கால் அசைவு மட்டும்தான். நாளைக்குக் காலையில திரும்பப் பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டார். உறவினரின் வற்புறுத்தலுக்கு வளையாத அந்த மறுப்பைத்தான், பெரியம்மாவை உட்கார வைத்த தைரியத்தைவிடவும் மேலாக மதிக்கிறேன்.

அந்த மறுப்புக்கும் ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் முன்னின்று ஆறு நாடுகளில் 49 மருத்துவமனைகளில் 750 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட சோதனை, இந்தத் துறையில் இருந்த உற்சாகத்தைச் சற்றுக் கட்டுக்குள் கொண்டுவந்தது. வென்டிலேட்டரில் இருப்பவர்களை இயன்றவரை சீக்கிரமாகவும் அதிகமாகவும் இயங்க வைத்த பிரிவில் நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 21 நிமிடப் பயிற்சி. வழக்கமான பிரிவில் ஏறத்தாழ 9 நிமிடம். ஆறு மாதம் கழித்து, உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாள்களைக் கணக்கிட்டால் முதல் பிரிவுக்கு 143, இரண்டாம் பிரிவுக்கு 145. வேறுபாடு என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால், இதயத் துடிப்பு தடுமாறுவது, ஆக்சிஜன் இறங்குவது போன்ற பாதிப்புகள் கூடுதல் பயிற்சிப் பிரிவில் 9.2 சதவீதத்தினருக்கும், மற்றதில் 4.1 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனையின் வழக்கமான பிரிவினரும் படுத்தே கிடக்கவில்லை. இரு பிரிவிலும் முக்கால்வாசிப் பேர் எழுந்து நின்றார்கள். அதற்கு ஆன நாள்களின் நடுமதிப்பு ஒன்றில் மூன்று, மற்றதில் ஐந்து. ஆகவே, அசைக்காமல் வைத்திருப்பது நல்லது என்று இதை வைத்து வாதிட முடியாது. ஏற்கெனவே நல்லபடி நடக்கும் ஒரு பிரிவில் அளவை மேலும் கூட்டுவதால் பயன் கூடுவதில்லை என்பதே இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம்.

பக்கவாத நோயாளிகள் 2,104 பேரிடம் நடத்தி 2015-இல் வெளிவந்த மற்றொரு பெரிய சோதனையையும் இங்கே சேர்த்துப் பார்க்கிறேன், அது ஐ.சி.யூ. நோயாளிகளைப் பற்றியதல்ல என்றாலும். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் தீவிரமாகவும் எழுப்பி இயக்கியவர்களில், மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் 46 சதவீதம்; வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். நோய்க்கு நோய் உகந்த காலம் மாறுகிறது. ஒரே நோயாளிக்குக்கூட நேற்றைய காலையும் இன்றைய காலையும் ஒன்றல்ல. தினமும் காலையில் புதிதாகப் பார்த்து, செய்யலாம் என்றோ வேண்டாம் என்றோ முடிவெடுக்கும் ஒரு பிரிவைத்தான் நல்ல சேவை என்று நான் மதிப்பேன். இங்கே அது இருந்தது.

மனக்குழப்பத்தை அவர்கள் கையாண்ட விதமும் இதோடு சேர்ந்தது. மயக்க மருந்து குறைந்த நாள்களில் பெரியம்மா, மானிட்டர்களின் ஒலியை நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைச் சங்கு என்று எண்ணிக்கொண்டு, பெரியப்பாவுக்குச் சாப்பாடு கட்ட எழுந்திருக்கப் பார்த்தார். வேறு இடமாக இருந்தால் கையைக் கட்டிப்போட்டு மீண்டும் மருந்தை ஏற்றியிருப்பார்கள். இங்கே ஒரு செவிலியர் எங்களை அழைத்து, அவருடைய மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் கொண்டுவரச் சொன்னார். கண்ணும் காதும் தெளிந்த பிறகு, பகலில் சன்னல் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்து, இன்று என்ன கிழமை, மணி என்ன என்று பேச்சுக் கொடுத்தார்கள். பேத்தியை உள்ளே அனுமதித்து, "ஆயா, நான்தான் வந்திருக்கேன், கையை அழுத்து" என்று சொல்ல வைத்து, அதையே அன்றைய கைப் பயிற்சியாகவும் ஆக்கிக்கொண்டார் இயன்முறை மருத்துவர். நோயாளி புரிந்து ஒத்துழைக்காவிட்டால் எழுப்பி நிறுத்துவது ஆபத்து. எழுந்து உட்காராவிட்டால் குழப்பம் தெளிவதும் தாமதமாகிறது. இந்த முடிச்சை மூக்குக் கண்ணாடியிலிருந்து அவிழ்க்கத் தொடங்கிய அந்தச் செவிலியரை எங்கள் குடும்பம் மறக்காது.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் பெரியதும் ஞாயிற்றுக்கிழமை. அன்று இயன்முறை மருத்துவர் எவரும் பிரிவுக்கு வருவதில்லை. பெரியம்மா நாற்காலியில் உட்காரத் தொடங்கிய மறுநாள் ஞாயிறாக அமைந்தது. நிலை பச்சையாக இருந்தும் முழு நாளும் படுக்கையிலேயே போனது. செவிலியர்களுக்கு விருப்பம் இருந்தாலும், ஆள் பற்றாக்குறையில் ஒரு நோயாளிக்கு நான்கு பேர் ஒதுக்க முடியாது. காலத்தையே ஆதாரமாகக் கொண்ட ஒரு சிகிச்சைக்கு வார விடுமுறை விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மூத்த இயன்முறை மருத்துவரைச் சுழற்சி முறையில் அரை நாள் வரவழைத்தாலே, அன்று தயாராக இருக்கும் ஓரிருவரைப் பார்த்துவிட முடியும். மாலையிலும் இதே நிலைதான். காலையில் இரத்த அழுத்தம் சரியில்லாமல் விட்டுப்போனவருக்கு, மதியத்துக்குள் நிலை சீராகிவிட்டாலும் அன்றைய வாய்ப்பு கைநழுவிப் போகிறது.

இரண்டாவது, நாற்காலி. முதுகைச் சாய்த்து நிமிர்த்தக்கூடிய, சக்கரமும் கைப்பிடியும் உள்ள நாற்காலி அந்தப் பிரிவு முழுமைக்கும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்காகக் காத்திருந்து, பெரியம்மா களைத்துப் போன பிறகு முறை வந்ததும் உண்டு. கோடிக்கணக்கில் எந்திரங்கள் நிற்கும் இடத்தில் இன்னொரு நாற்காலி வாங்குவது பெரிய செலவாக இருக்க முடியாது.

மூன்றாவது குறை எங்களை உண்மையிலேயே வருத்தியது. குழாய் எடுத்து, நிலை தேறி, பொது வார்டுக்கு மாற்றிய பிறகு, அங்கிருந்த இயன்முறை மருத்துவருக்கு ஐ.சி.யூ.வில் பெரியம்மா எதுவரை வந்திருந்தார் என்பது தெரியவில்லை. நாளுக்கு நாள் அவ்வளவு அக்கறையாகக் குறித்து வைத்த தாள், வார்டுக்கு வந்த கோப்பில் இல்லை. கை கால்களின் பன்னிரண்டு தசைத் தொகுதிகளுக்கும் 5 வரை மதிப்பெண் கொடுத்து மொத்தம் 60-க்குக் கணக்கிடுவார்கள். 48-க்குக் கீழே இருந்தால் தீவிர சிகிச்சையால் வந்த பலவீனம் என்று கொள்வார்கள். அந்த எண்கூட அங்கே இல்லை. வாக்கரோடு நடந்தவரைத் திரும்பவும் படுக்கையில் கால் மடக்கும் பயிற்சியிலிருந்து தொடங்கினார்கள். நாங்கள் போய்ப் பேசி, ஐ.சி.யூ. இயன்முறை மருத்துவரே ஒரு முறை வார்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் சரியானது. கேட்கத் தெரியாத குடும்பத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, இயன்முறை சிகிச்சை பில்லில் தனி வரியாக, நாள்வாரியாகப் போடப்பட்டிருந்தது. உட்கார வைக்காமல் விட்ட நாளுக்கு, படுக்கையில் செய்த அசைவுக்கு மட்டும் குறைந்த தொகை. ஞாயிற்றுக்கு எதுவும் இல்லை. இதில் மறைவு எதுவும் இருக்கவில்லை. சுத்தம், செவிலியரின் பேச்சு ஆகியவற்றிலும் குறை சொல்ல இடமில்லை. மருத்துவர் உறவினரிடம் பேசும் மாலை நேரம் மட்டும் மிகக் குறுகியது. அதில் இயன்முறை மருத்துவர் கலந்துகொள்வதே இல்லை. அவரும் அந்தச் சில நிமிடங்கள் உடன் நின்றிருந்தால், பெரியப்பா முதல் நாளே நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கமிருந்து நோயாளியை அவசரமாகப் புதுச்சேரிக்குக் கொண்டு வருபவர்களுக்கு மருத்துவமனையைத் தேடித் தேர்ந்தெடுக்க நேரம் இருப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் எங்கே போகிறதோ அங்கேதான் சேர்ப்போம். ஆனால், சேர்த்த மறுநாள் கேட்க நேரம் இருக்கிறது. தினமும் மயக்க மருந்தைக் குறைத்துப் பார்க்கிறீர்களா, உட்கார வைக்கலாமா என்று யார் எப்போது முடிவெடுக்கிறீர்கள், இன்று வேண்டாம் என்றால் காரணம் என்ன, ஞாயிறன்று யார் வருவார் என்று பணிவாகக் கேட்கலாம். இதய அடைப்புக்குச் சிகிச்சை பெறுபவர், மூளையில் அழுத்தம் கூடியவர், முதுகெலும்பு முறிந்து நிலைப்படுத்தப்படாதவர் போன்றோருக்குப் பதில் வேறாக இருக்கும். அவர்களைப் பொறுத்தவரை காத்திருப்பதும் சிகிச்சையே. காரணத்தோடு சொல்லப்படும் பதில் எதுவானாலும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். பதிலே இல்லாத இடத்தில் மட்டும் விடாமல் திரும்பக் கேட்க வேண்டும்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், ஐ.சி.யூ.வுக்குள் நடந்த இயன்முறை சிகிச்சைக்கு நாலரை. ஞாயிறும் வார்டு மாற்றமும் சேர்ந்தால் மூன்றரை. வீடு திரும்பியவர்களுக்கான வெளிநோயாளர் இயன்முறைப் பிரிவு தரைத்தளத்தில், ஞாயிறு நீங்கலாகக் காலை வேளைகளில் இயங்குகிறது. பெரியம்மா இப்போது அங்கே போய் வருகிறார். படி ஏறும் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. வார்டு மாற்றக் கோப்பில் ஐ.சி.யூ. இயன்முறைத் தாளையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று எழுத்து மூலம் நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் இந்த மதிப்பீட்டில் சேர்ப்பேன்.